பேய் வீடு ஸ்டாப்

புது வீட்டுக்குக் குடிபோன மறுநாள், பள்ளிக்கூடம் விட்டதும் சத்திரம் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஏறினேன். நான் வேதியியல் ஆசிரியை. பள்ளிக்கூடம் ஊருக்குள், வீடு திருவெறும்பூரையும் தாண்டி, தஞ்சாவூர் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு நகரில். கண்டக்டரிடம் அந்த நகரின் பெயரைச் சொன்னேன்.

"அப்படி ஒரு ஸ்டாப்பே இல்லீங்களே."

"இருக்குங்க. தண்ணி டேங்க் தாண்டி, ஒரு வேப்பமரம் வரும் பாருங்க..."

பின் சீட்டில் வாழை இலைக் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "பேய் வீடு ஸ்டாப்பைச் சொல்றாங்க போல."

"அதை முதல்லயே சொல்லலாம்ல மேடம்?" என்று கண்டக்டர் கோபித்துக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

அது ஏதோ பழைய பெயர் என்று விட்டுவிட்டேன். பஸ் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் அவர் படியில் தொங்கியபடி, "பேய் வீடெல்லாம் இறங்கு!" என்று கத்தினார். நான் ஒருத்திதான் இறங்கினேன். ஸ்டாப்புக்கு எதிரே ஒரே ஒரு வீடுதான் இருந்தது. கிரகப்பிரவேசத்துக்குக் கட்டிய மாவிலைத் தோரணம் வாசலில் இன்னும் வாடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

என் கணவர் விருதுநகர்க்காரர், பக்கத்திலிருக்கும் பெரிய தொழிற்சாலையில் லேத் பிரிவில் சூப்பர்வைசர். எதற்கும் பதறாதவர். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னதும், "புரோக்கர் ஏன் பேரமே பேசாம ஒத்துக்கிட்டான்னு இப்பத்தான் புரியுது" என்று சொல்லிவிட்டுக் காபியை ஆற்றினார்.

அந்த வேப்பமரத்தடியில் ஒரு அயர்ன் வண்டி நிற்கும். வண்டிக்காரர் முசிறியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். முதல் தடவை துணி கொடுக்கப் போனபோது மெதுவாகக் கேட்டேன். அவர் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப நாளாக யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தவர் மாதிரி ஆரம்பித்தார்.

"உங்க வீட்டு முன் ரூம்ல ஒரு ஜன்னல் இருக்குல்ல? கம்பியில ஒரு கை நுழையற மாதிரி ஓட்டை இருக்கும் பாருங்க."

இருந்தது. வெல்டரிடம் சொல்லி அதை அடைக்க வேண்டும் என்று நானே நினைத்திருந்தேன்.

"சனிக்கிழமை சாயங்காலம் அந்த ஓட்டை வழியா ஒரு கை மட்டும் வெளிய வருமாம். பொம்பளை கை. கண்ணாடி வளையல் போட்டிருக்கும். உள்ள இருந்து பேர் சொல்லிக் கூப்பிடும். 'இருக்கேன்'னு பதில் சொல்லிட்டோம்னா போச்சு. கட்டைவிரல் ஊதாக் கலர்ல மாறிடும்."

"அப்புறம்?"

"அப்புறம் அவன் வீட்டுக்குப் போக மாட்டான். எங்கயாவது விழுந்து கெடப்பான். மறுநாள்தான் வருவான், புத்தி பேதலிச்சு."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"நான் வந்தப்பறம் யாரையும் கூப்பிடலைங்க" என்றார், லேசான ஏக்கத்தோடு.

அதன் பிறகு நான் கேட்காமலே ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். கடலூரிலிருந்து வந்து குடியேறிய பக்கத்து வீட்டு அம்மாவின் கணக்குப்படி, அந்தப் பேய் ஆடிப்பெருக்கன்று முக்கொம்பில் ஆற்றோடு போன புதுப்பெண். மிதந்து வந்து இங்கே கரையேறினாள். எங்கள் நகருக்குப் பக்கத்தில் ஆறே கிடையாது. அதைச் சொன்னதும், "பேய்க்கு ஆறு எதுக்குங்க? வாய்க்கால் போதாதா?" என்று கேட்டார். பால் ஊற்றுகிறவரோ அது பெண்ணே இல்லை, வளையல் போட்ட வெள்ளைக்கார துரை என்றார். துரை ஏன் வளையல் போட வேண்டும் என்று கேட்டதற்கு, அந்தக் காலத்தில் அவர்கள் எதைத்தான் போடவில்லை என்று பதில் வந்தது.

கதைகள் எப்படி இருந்தாலும் விளைவு என் தலையில்தான் விடிந்தது. கூரியர் பையன் கேட்டுக்கு வெளியே நின்று பார்சலைப் பந்து மாதிரி வீசிவிட்டுப் போவான். ஒருநாள் என் அம்மா அனுப்பிய ஊறுகாய் ஜாடி அப்படித்தான் வந்து சேர்ந்தது. வாசல் முழுக்க ஆவக்காய். ஒரு நல்லதும் உண்டு. எந்த நன்கொடைக்காரரும் எங்கள் வீட்டு மணியை அழுத்தியதில்லை.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். போனில் மேப்பைத் திறந்து பார்த்த அன்றுதான் பொறுமை போனது. எங்கள் வீட்டின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி, பக்கத்தில் 'பேய் வீடு (நிஜம்)' என்ற பெயர். அதைச் சுற்றுலாத் தலம் என்று வேறு வகைப்படுத்தியிருந்தார்கள். கீழே விமர்சனங்கள். 'அமைதியான பேய். குடும்பத்துடன் செல்லலாம்' என்று ஒருவர். 'நல்ல காற்றோட்டம், வண்டி நிறுத்த இடம் உண்டு' என்று இன்னொருவர். மூன்றாவது ஆள் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார்: 'பேய் இல்லை. ஒரு டீச்சர்தான் இருந்தார். ஏமாற்றம்.' அதற்குக் கீழே வேறொருவர் பதில் எழுதியிருந்தார்: 'டீச்சரைப் பார்த்தும் பயம் வரவில்லையா? எனக்கு வந்தது.'

நேராகக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் வீட்டுக்குப் போனேன். அதே தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். எதையும் தீர்மானமாக நிறைவேற்றினால்தான் அவருக்கு நிம்மதி. அந்தப் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மேடம், கேஸ்காரன், தண்ணி லாரி, ஆம்புலன்ஸ் எல்லாருக்கும் அதான் அடையாளம். எங்க பொண்ணு கல்யாணப் பத்திரிகையிலயே 'பேய் வீடு அருகில்'னுதான் போட்டோம். சம்பந்தி வீட்டுக்காரங்க ஒரு ஆள்கூட வழி தவறலை."

"நான் அறிவியல் டீச்சர் சார். என் வீட்டைப் போய்..."

"சரி. பேய் இல்லைன்னு ஆதாரத்தோட வாங்க. பொதுக்குழுவுல தீர்மானம் போட்டுடலாம்."

இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படி நிரூபிப்பது? மறுநாள் ஸ்டாஃப் ரூமில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு இதைச் சொல்லிப் புலம்பினேன். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் கணக்கு மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. தயிர் சாதக் கரண்டியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"மிஸ், உங்க வீட்டுப் பின்னாடி ஒரு பலா மரம் இருக்கா?"

"இருக்கு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க பெரியம்மா கல்யாணமாகிப் போன வீடு அது. சின்ன வயசுல லீவுக்கு வந்திருக்கேன். அப்போ சுத்தி ஒரே கருவேலங்காடு. அந்த ஒரு வீடுதான் இருந்தது. பெரியம்மாவைக் கேட்டா எல்லாம் தெரியும். ஆனா ஒண்ணு, கிரிக்கெட் இல்லாத நாளாப் பார்த்துப் போகணும்."

நாங்கள் போன நாளில் கிரிக்கெட் இருந்தது. சித்திரை வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், இரண்டாம் மாடி ஃபிளாட். மிஸ்ஸின் பெரியம்மா, எனக்கு மாமி, மடிசாரைக் காலுக்கடியில் இழுத்துவிட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வயது எழுபதுக்கு மேல். குரல் மட்டும் முப்பதைத் தாண்டவில்லை.

"வாங்கோ வாங்கோ. பெருமாளைச் சேவிச்சேளா? உக்காருங்கோ, இந்த ஓவர் முடியட்டும்."

அந்த ஓவர் முடிந்தது. இன்னொன்றும் முடிந்தது. விளம்பரம் வந்ததும் என் பக்கம் திரும்பி, "பலா காய்க்கிறதா?" என்றார்.

"காய்க்குது மாமி."

"பிஞ்சிலேயே பறிச்சுடு. பழுக்க விட்டா எறும்பு வரும். சொல்லு, என்ன விஷயம்?"

நான் சொன்னேன். ஜன்னல், கை, வளையல், சனிக்கிழமை, பெயர் சொல்லிக் கூப்பிடுவது, கட்டைவிரல் ஊதாவாவது, ஆட்கள் வீடு திரும்பாமல் போவது. மாமி முதலில் புருவத்தைச் சுருக்கினார். பிறகு டிவியின் ஒலியைக் குறைத்தார். கணக்கு மிஸ் என் காதில், "இதுவரைக்கும் மேட்ச் நடுவுல பெரியம்மா வால்யூமைத் தொட்டு நான் பார்த்ததில்லை" என்றார்.

"இன்னொரு தரம் சொல்லுடி. என்ன வீடுன்னு சொல்றா?"

"பேய் வீடு."

"பே வீடுடி!" என்று மாமி தொடையில் தட்டினார். "பேய் இல்லை, பே! சம்பளம்! பே ஸ்லிப்னு சொல்றோமோல்லியோ, அந்த பே!"

மாமி சொன்னது இதுதான். தொழிற்சாலைக்குக் குவார்ட்டர்ஸ் கட்டிய காலத்தில் அவருடைய ஆத்துக்காரர் கான்ட்ராக்டரிடம் சைட் பொறுப்பாளராக இருந்தார். சித்தாள், கொத்தனார் எல்லோருக்கும் வாராவாரம் சனிக்கிழமை சாயங்காலம் கூலி போடுவது அந்த முன் ரூமில்தான். ஜன்னல் கம்பியை வெட்டி ஓட்டை போட்டதும் அதற்காகத்தான். கணவருக்கு அந்த நேரத்தில் சைட்டில் வேலை இருக்கும். அதனால் மாமிதான் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆள் வந்து, "இருக்கேம்மா" என்று ஓட்டைக்குள் கையை நீட்டினால், கட்டைவிரலை ஊதா மையில் அழுத்திக் கைநாட்டு வாங்கிக்கொண்டு, கண்ணாடி வளையல் போட்ட கையை வெளியே நீட்டிக் கூலியைக் கொடுப்பார்.

"அந்த மை லேசுல போகாது. ஒரு வாரம் ஊதாவாத்தான் இருக்கும்."

"அப்போ வீட்டுக்குப் போகாம விழுந்து கெடந்தது?"

"பணம் கையில வந்தா நேரே சாராயக் கடைதான். வேற எங்க போவா? மறுநாள் அவா அவா ஆம்படையாள் வந்து எங்காத்து வாசல்ல நின்னு என்னைத் திட்டுவா. 'இந்த வீட்டு ஜன்னலுக்கு வந்துட்டுத்தான் என் புருஷன் கெட்டுப் போறான்'னு."

டிவியில் யாரோ அவுட் ஆகிப் போய்க்கொண்டிருந்தார். மாமி அதைக்கூடப் பார்க்கவில்லை. மெல்ல மெல்ல அவர் முகம் மலர்ந்தது.

"அப்போ," என்றார், "அந்தப் பேய் அடியேன்தானா?"

"அப்படித்தான் மாமி தெரியுது."

"இத்தனை வருஷமாவா? ஊரே பயப்படறதா? பஸ் நிக்கறதா?" மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கேட்டியாடி? என் பேர்ல பஸ் ஸ்டாப் இருக்காம்!"

வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத்தின் பொதுக்குழு. நான் மாமியை ஆட்டோவில் அழைத்துப் போனேன். ஆட்டோக்காரர் எங்கே போக வேண்டும் என்று கேட்டதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் மாமி, "பேய் வீடு" என்றார், சொந்த வீட்டைச் சொல்கிற உரிமையோடு.

பொதுக்குழு கூடியது பிள்ளையார் கோயிலை ஒட்டிய ஷெட்டில். நான் எழுந்து நின்று பே, பேய் என்று இரண்டு சொற்களையும் வகுப்பில் விளக்குகிற மாதிரி விளக்கினேன். மை, ஓட்டை, வளையல் எல்லாவற்றுக்கும் காரணம் சொன்னேன். முடித்தபோது பெரிய கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தேன். ஷெட் முழுக்க ஒரு துக்க வீட்டு மௌனம். பக்கத்து வீட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ முக்கொம்புல போன பொண்ணு?"

"அப்படி யாருமே இல்லைங்க."

"பாவம்" என்றார். அந்தப் பெண் இப்போதுதான் நிஜமாகவே செத்துப்போன மாதிரி.

அயர்ன் வண்டிக்காரர் மட்டும் எழுந்து மாமியின் முன்னால் போய் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, "நீங்களாம்மா அது?" என்று கேட்டார்.

"நானேதான்."

"ஒரே ஒரு தடவை கூப்பிடுறீங்களா?"

மாமி யோசிக்கவே இல்லை. கூட்டம் மொத்தமும் எங்கள் வீட்டுக்குக் கிளம்பியது. செயலாளர், "ஆள் குறைஞ்சா கோரம் இல்லாமப் போயிடும், உக்காருங்க" என்று கத்தியபடியே பின்னால் ஓடிவந்தார். மாமி முன் ரூமுக்குள் போய் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யாரோ ஸ்டேஷனரி கடையிலிருந்து ஊதா ஸ்டாம்ப் பேட் வாங்கி வந்தார்கள். மாமி அயர்ன்காரரின் பெயரைக் கேட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, தெருமுனை வரை கேட்கும் குரலில் கூப்பிட்டார். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "இருக்கேம்மா" என்று ஓட்டைக்குள் கையை விட்டார். வெளியே எடுத்தபோது கட்டைவிரல் ஊதா. கூட்டம் கைதட்டி விசிலடித்தது. நான் எதிர்பார்த்த கைதட்டல் அதுதான். ஆனால் எனக்கு இல்லை.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. பின் தெருவில் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் திருநெல்வேலிப் பையன் ஒருவர் இருந்தார். அவரும் விளையாட்டாகக் கையை நீட்டி, "மாமி, எனக்கு இன்கிரிமென்ட்டே போட மாட்டேங்கறாங்க" என்று சொல்லியிருக்கிறார். மாமியும் விளையாட்டாக, "போட்டாச்சு, போ" என்றிருக்கிறார். அடுத்த வாரமே அவருக்கு இன்கிரிமென்ட் வந்துவிட்டது. அந்த மாதம் அவர்கள் கம்பெனியில் எல்லோருக்குமே வந்தது என்பதை நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். டீக்கடையில் போய்ச் சொல்லவும் செய்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வந்த சனிக்கிழமை சாயங்காலம் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது வாசலில் சலசலப்பு. எட்டிப் பார்த்தால் ஒரு வரிசை. தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஆட்கள். ஆபீஸ் பையோடு சிலர், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிலர். ஒருவர் கையில் தேங்காய், பழம், வெற்றிலை.

"சம்பளப் பேய் இன்னிக்கு வருமாங்க?" என்று அவர் பணிவாகக் கேட்டார்.

"பேய் இல்லைங்க. அது ஒரு மாமி. ஸ்ரீரங்கத்துல இருக்காங்க."

"அதாங்க. எத்தனை மணிக்கு வரும்?"

மாமிக்குப் போன் போட்டேன், இதைக் கேட்டுக் கோபப்படுவார், நான் அவர்களை அனுப்பிவிடலாம் என்ற நம்பிக்கையில். மாமி, "இன்னிக்கு மேட்ச் இல்லை. வண்டி அனுப்பு" என்றார்.

இப்படியாக என் வீட்டு முன் ரூம் என் கையை விட்டுப் போனது. மாமி சனிக்கிழமைதோறும் வந்தார். கண்ணாடி வளையல்கூடப் புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டார். காணிக்கை எதுவும் வாங்கக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பு, வாழைப்பழம் விதிவிலக்கு. சிலருக்கு வேலையில் நல்லது நடந்தது, சிலருக்கு நடக்கவில்லை. நடக்காதவர்களிடம், "போன வாரம் மை சரியாப் படலை, காட்டு" என்பார். அவர்களும் சமாதானமாகிப் போனார்கள். பால்காரர் மட்டும், துரைதான் மாமி வேஷத்தில் வந்திருக்கிறார் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை மாமிக்குக் காபி கொடுக்கப் போனபோது ஜன்னல் வழியாக வரிசையைப் பார்த்தேன். நடுவில், கையில் பால் பாக்கெட்டோடு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு என் கணவர் நின்றிருந்தார். வெளியே போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"என்ன இது?"

"பால் வாங்கப் போனேன். வழியில கூட்டமா இருந்துச்சு."

"ஃபோர்மேன் பிரமோஷனா?"

அவர் பால் பாக்கெட்டைக் கை மாற்றிக்கொண்டார். காது சிவந்தது.

"நம்ம வீடுதானே? உள்ளயே வந்து மாமிகிட்ட கேட்க வேண்டியதுதானே?"

குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உள்ள இருந்து கேட்டா பலிக்காதாம்" என்றார். இருபது வருடம் இயந்திரங்களோடு இருந்த மனிதர். எனக்கு வந்த சிரிப்பில் திட்ட முடியவில்லை. அவருக்கு முன்னால் நின்ற பெண்மணி, "மேடம், வரிசையில வாங்க" என்று என்னை அதட்டினார்.

சங்கத்தில் தீர்மானம் ஒன்றும் நிறைவேறியது. 'பேய் வீடு' என்ற பெயர் வரலாற்று உண்மையின் அடிப்படையில் 'பே வீடு' என்று திருத்தப்படுகிறது என்பதுதான் அது. செயலாளர் செலவு செய்து பஸ் ஸ்டாப்பில் ஒரு பலகையும் மாட்டினார். பெயின்ட்டர், எழுதக் கொடுத்த சீட்டைப் பார்த்தார். பிழையாக எழுதியிருக்கிறார்கள், பாவம் என்று நினைத்துக்கொண்டு ஒரு 'ய்' சேர்த்து அழகாக எழுதிவிட்டுப் போய்விட்டார்.

போன மாதம் மாமிக்கு முட்டி வலி. மாடியிலிருந்து இறங்கவே முடியவில்லை. சனிக்கிழமை மதியம் போன் வந்தது.

"இன்னிக்கு நீ உக்காரு."

"நானா? நான் எப்படி மாமி?"

"ஏன், உனக்கு வாய் இல்லையா? ஜனங்க வந்து ஏமாந்து போகப்படாது. வளையல் அலமாரியில கீழ்த்தட்டுல இருக்கு."

முடியாது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். சாயங்காலம் வரிசை சேர்ந்தது. வெயில் அன்று கடுமை. கர்ப்பிணிப் பெண் ஒருத்தி துப்பட்டாவால் விசிறிக்கொண்டு நின்றாள். என் கணவர் நாற்காலியை ஜன்னலோரம் போட்டு, ஸ்டாம்ப் பேட்டைத் திறந்துவைத்துவிட்டுப் போனார். இரண்டு தடவை கூடத்துக்குப் போய்த் திரும்பி வந்தேன். பிறகு வளையலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஏன் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

மாமி மாதிரி இழுத்துக் கூப்பிட நினைத்தேன். ஆனால் என் வாயில் வந்தது பதினொன்றாம் வகுப்பு அட்டென்டென்ஸ் குரல். முதலில் நின்றவர் ஏதோ பெரிய அலுவலகத்தில் அதிகாரி. முழுக்கைச் சட்டை, நரைத்த மீசை. தன் பெயரைக் கேட்டதும் விறைத்து நிமிர்ந்தார்.

"ப்ரெஸன்ட் மிஸ்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. அவரும் அசட்டுச் சிரிப்போடு ஓட்டைக்குள் கையை நீட்டினார். நான் கட்டைவிரலைப் பிடித்து, மை நன்றாகப் படும்படி அழுத்திவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.